முனியாண்டிக்கு எடுத்த தோல்

ஹீன்பொல தோட்டத்து முனியாண்டிக்குப் பாதம் ஒன்றே கால் முழம். இதை யாரும் அளந்து பார்த்ததில்லை. செருப்பு ஒன்றே கால் முழம் இருப்பதால் பாதமும் அவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்கள். அந்தப் பாதத்துக்கு ஆள் எவ்வளவு உயரம் இருப்பார் என்று பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் பெருக்கிப் பார்த்துப் பதினோரு அடி என்றார். ஆகவே கோயிலுக்குக் கூரை போடவில்லை. போட்டால் தலை இடிக்கும். தெஹியோவிட்டப் பக்கத்து மழையில் இவ்வளவு பெரிய ஆள் நனைந்துகொண்டு நிற்கிறாரே என்று வெளியூர்க்காரர்கள் வருத்தப்படுவதுண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு அந்த வருத்தம் கிடையாது. அவர் எங்கே நிற்கிறார்? நடந்துகொண்டல்லவா இருக்கிறார்.

ஊர் அடங்கியதும் தன் கோயிலான பலாமரத்தடியிலிருந்து கிளம்பி, அஞ்சாம் நம்பர் ரப்பர் மலை, ஸ்டோர், ஆற்றங்கரை லயம், மேல் லயம் என்று சுற்றி வருவார். காவல் வேலை. ஒரு வருஷம் அப்படி நடந்தால் எப்பேர்ப்பட்ட செருப்பும் தேய்ந்துவிடும் என்பதால், ஆடி மாசக் கடைசி வெள்ளியன்று புதுச் செருப்பு. மரக்கிளையில் தொங்குகிற பழைய ஜோடியை இறக்கி, துணியில் சுற்றி, அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். தேய்ந்திருக்கிறதா என்று எவரும் திருப்பிப் பார்த்ததில்லை. அது சாமியிடம், வேலைக்கு வந்ததற்குப் பிரட்டுச் சீட்டுக் கேட்பதுபோல ஆகிவிடும்.

அந்தச் செருப்பைத் தைப்பவர் மருதவீரன். ஐம்பத்து நான்கு வயது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், மத்தியானத்துக்கு மேல் தோல் வேலை. முப்பது வருஷமாகத் தைக்கிறார், ஆனால் அவருக்கு வாடிக்கை ஒரே ஓர் ஆள்தான். சாமிக்குத் தைக்கிற கை மனுஷனுக்குத் தைக்கக்கூடாது என்பது தோட்டத்துக் கட்டுப்பாடு. மருதவீரன் காலில் கிடப்பதே தெஹியோவிட்டக் கடையில் வாங்கிய ரப்பர் செருப்புத்தான். திருவிழாவன்று புதுச் செருப்பை அவர் தலையில் சுமந்து வரலாம். கிளையில் மாட்டுவது மட்டும் பூசாரி.

முனியாண்டிச் செருப்பு என்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. கலவானப் பக்கம் மூக்கு வளைந்த செருப்பு, இரண்டு வார் குறுக்கே போகும். மலைநாட்டுப் பக்கம் சில தோட்டங்களில் கட்டைச் செருப்புக்கு ஒரு தோல்வார் அடித்துச் சமாளித்துவிடுகிறார்கள். ஹீன்பொலப் பாணி வேறு. அடித்தோல் மூன்று தட்டு. கட்டைவிரலுக்கு வளையம். குதிகாலைச் சுற்றி இருபத்தொரு பித்தளை ஆணி. வார் ஓரம் முழுக்கச் சடைப்பின்னல். கீழே கிடக்கிற செருப்பைப் பார்த்தே இது எந்தத் தோட்டத்துச் சாமி என்று சொல்லிவிடலாம். இரண்டு முனியாண்டிகள் எல்லையில் முட்டிக்கொண்டால் அவர்களுக்கும் அது வசதி.

தோல், தெஹியோவிட்ட இறைச்சிக்கடை முக்தார் நாநா கொடுப்பது. கழிகிற தோலெல்லாம் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகும்போது, கீறல் விழாத நல்ல மாட்டுத்தோல் ஒன்றை மட்டும் உப்புப் போட்டு ஒதுக்கி வைப்பார். "உங்கட சாமிக்கு ஒண்டு, மத்ததெல்லாம் சப்பாத்துக் கம்பெனிக்கு" என்பார். அதைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, கடுக்காய்த் தண்ணீரில் நாற்பது நாள் வைத்து, பிறகு காயவைக்க வேண்டும். அங்கேதான் சங்கடம். அந்தத் தோட்டத்தில் எதுவும் காயாது. மருதவீரனுடைய மகள் ஷாமிளா பிறந்த அன்று துவைத்துப் போட்ட சேலை, அவள் பெரியபிள்ளையான அன்றுதான் காய்ந்தது என்று லயத்தில் சொல்வார்கள். அது பொய். முந்தின நாளே காய்ந்துவிட்டது. எப்படியானாலும் வெயிலை நம்பித் தோல் வேலை செய்ய முடியாது. ஆகையால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டில், ஷீட்டுகளோடு ஷீட்டாக, முனியாண்டியின் தோலும் தொங்கும். இறங்கும்போது கருப்பட்டி நிறத்தில், கொஞ்சம் புகைவாடையோடு இறங்கும். ஈரத்துக்கு அசையாது.

அந்த வருஷமும் தோல் அப்படித்தான் இறங்கி, சுருட்டி, மருதவீரன் வீட்டு உத்தரத்தில் ஏறியது. அது இருந்த இடத்துக்கு நேர் கீழே அவர் மனைவி அம்சவள்ளி காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

அம்சவள்ளிக்கு எட்டு வருஷமாகச் சீனி வருத்தம். பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் கழன்றுபோய், கல்லை மிதித்தாலும் மெத்தையை மிதித்தாலும் ஒன்றுதான் என்கிற நிலைக்கு வந்திருந்தாள். சித்திரை மாசம் பால்வெட்டில் உடைந்த சிரட்டைச் சில்லு ஒன்று, வலது பாதத்தில் பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறிவிட்டது. ஏறினது தெரியாமல் மிச்ச மரத்தையும் வெட்டி முடித்து, பால் வாளியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வாசலில் சிவப்பாகத் தடம் கிடந்ததைப் பார்த்து, "யாரோ வெத்தல துப்பி வச்சிருக்குதுங்க" என்று ஏசவும் செய்தாள். அன்றைக்கு அவள் காலில் கடித்த அட்டை ஒன்று, அந்த இனிப்பில் சொக்கிப்போய் அஞ்சாம் நம்பர் மலையிலிருந்து லயம் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்ததாம். மருதவீரன் அதை இரண்டு தடவை தூக்கிப் போட்டாராம். இரண்டு தடவையும் திரும்பி வந்ததாம்.

புண் ஆறவில்லை. ஒரு ரூபாய்க் காசுக்குற்றி அகலத்துக்குக் குழிந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர், சின்ன வயசு, புண்ணைச் சுற்றி அளந்து எழுதிவிட்டுச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். தோட்டத்தில் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஒரு சொல் தவறவில்லை.

"இன்னும் ஆறு கிழமை, ஒண்ணரை மாசம் பாப்பேன் அம்மா. அதுக்குள்ள புண்ணு சுருங்கணும். சுருங்கலன்னா பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுக்கணும். மேல ஏறிடிச்சின்னா அதுக்கும் மேல."

"மருந்து கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம் மிஸ்?"

"மருந்து பாதி, செருப்பு பாதி. நீங்க அடி வைக்கிற ஒவ்வொரு தடவையும் புண்ணை நீங்களே அமுக்குறீங்க. மெத்துன்னு ஒரு செருப்பு வேணும். புண்ணு இருக்கிற எடத்துல மட்டும் பள்ளம். அது இல்லாம ஒரு அடிகூட வைக்கக்கூடாது. கொழும்புல காலைப் பாத்துச் செஞ்சு குடுக்கிறாங்க, பேர் எழுதி அனுப்புறேன். ஆனா மூணு மாசம் ஆகும்."

"ஆறு கிழமைன்னு சொன்னீங்களே?"

"அதுதான் எனக்கும் யோசனை."

அம்சவள்ளி கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள். "இவரு செருப்புத் தைப்பாரு மிஸ்."

டொக்டர் முகம் மலர்ந்தது. "அப்படியா! யாருக்குத் தைக்கிறாரு?"

"முனியாண்டிக்கு."

டொக்டர் பேனாவை நிறுத்தினார். "அவருக்கும் சீனியா?"

விஷயத்தை விளக்க வெகுநேரம் பிடித்தது. வெளியே நாற்பது பேர் நம்பர் துண்டோடு காத்திருந்தார்கள். கடைசியில் டொக்டர் ஒரு தாளில் பாதத்தை வரைந்து, புண் இருக்கிற இடத்தில் வட்டம் போட்டு, "இந்த எடம் எதுலயும் படக்கூடாது" என்று மருதவீரன் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை மருதவீரன் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். தோட்டத்து முச்சந்தியில் இறங்கினதும் வாயைத் திறந்தார்.

"தைக்கலாம். கட்டுப்பாடு ஒண்ணு இருக்கே?"

"கட்டுப்பாடு போட்டவங்களுக்கு எல்லாம் காலு ரெண்டும் நல்லா இருந்திச்சு" என்றாள் அம்சவள்ளி.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தோலில் முதுகுப் பக்கம்தான் சாமிக்கு. வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோல் எப்படியும் கழிவாகப் போவது. அதில் தைத்தால் சாமி பங்கில் கை வைத்ததாகாது. மறுநாள் மழை. மழையென்றால் பால்வெட்டு இல்லை. தோலை இறக்கி, ஓரத்தை வெட்டி, ஒரே மூச்சில் ஒரு ஜோடி தைத்துவிட்டார். பழக்கம் கையை விடவில்லை. விரலுக்கு வளையம், ஓரத்துக்குச் சடைப்பின்னல் எல்லாம் வைத்தார். ஆணி மட்டும் அடிக்கவில்லை. அது பெரிய தியாகம் என்று அவருக்குத் தோன்றியது.

அம்சவள்ளி மாட்டிக்கொண்டு லயத்துக் காம்பரா அறைக்குள் நாலு எட்டு நடந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லையே."

"இறுக்குதா?"

"இல்ல."

"எங்கயாச்சும் உறுத்துதா பாரு, நல்லா பாத்துச் சொல்லு."

"ஒண்ணுமே இல்லைங்க. ரொம்ப நல்லாயிருக்கு."

மருதவீரனுக்கு மனம் நிறைந்துபோனது. முப்பது வருஷமாக முனியாண்டியிடமும் இதே கேள்விகளைத்தான் மனதுக்குள் கேட்டு வந்தார். அவரும் ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், அவிசாவளை கார்மெண்டில் வேலை முடிந்து வந்த ஷாமிளா, அம்மாவுக்கு மருந்து கட்ட உட்கார்ந்தவள் கத்திவிட்டாள். பெருவிரல் இடுக்கில், வளையம் உரசின இடத்தில், நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். வயிற்றுத் தோல் மூன்றே நாளில் இழுபட்டு, பாதம் உள்ளே வழுக்கி வழுக்கிப் போயிருக்கிறது.

"அப்பா, இத யாரு போட்டுப் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னது?"

"உங்கம்மாதான். நான் ஒண்ணுக்கு மூணு தடவ கேட்டேன். வலிக்கவே இல்லைன்னா."

"அம்மாவுக்குக் காலே இருக்கிறது தெரியாது. அவங்ககிட்டப் போயி வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களே!"

மருதவீரன் கொப்புளத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்து, வளையத்தைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. அம்சவள்ளி குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "நான் பொய் சொல்லலைங்க. நெசமாவே தெரியல" என்றாள்.

ஆறு கிழமையில் ஒன்று போய்விட்டது.

இரண்டாம் கிழமை ஒருநாள் வெளிச்சம் காட்டியது. பால் வெட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோய்த் தட்டத்தில் ஊற்றி, அமிலம் சேர்த்துக் கலக்கினால், கொஞ்ச நேரத்தில் அது தயிர்போல உறையும். உறைந்த பாலைத் தொட்டுப் பார்க்க மருதவீரன் பெருவிரலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் பார்க்கிற பள்ளம்தான்.

சாயங்காலம் ஒரு தட்டமும் ஒரு வாளிப் பாலும் வீட்டுக்கு வந்தன. எப்படி வந்தன என்று கேட்பது மரியாதையில்லை.

அம்சவள்ளியை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலுக்கு மேல் சிலிசிலி பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் கட்டினார். அமிலம் கலந்த பால் உறையத் தொடங்கியதும், "எந்திரி. அப்படியே மிதி. பாரம் பூராவும் போடு" என்றார்.

"ஏங்க, என்னையும் ஷீட்டாக்கிப் புகையில தொங்கவிடப் போறீங்களா?"

"ஆடாத."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"ஒரையிற வரைக்கும். பேசினா ஆடுது, பேசாத."

"பேசாம இருந்தா நான் செத்துட்டேன்னு நெனச்சுப் பக்கத்து வீட்டுல வந்துருவாங்களே."

இருபது நிமிஷம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை எடுத்தபோது வெள்ளை வெளேரென்று ஒரு பாதம் தட்டத்துக்குள் கிடந்தது. எங்கே ஆழமாக அமுங்கியிருக்கிறதோ அங்கேதான் புண். புண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆழம். நாளைக்கு வரப்போகிற புண் அது. அவள் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் ரப்பர் பால் சொல்லிவிட்டது. மறு பாதத்தையும் எடுத்தார். இரண்டையும் புகைவீட்டில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மூன்றாம் நாள் ஷீட் தரம் பிரிக்க வந்த ஸ்டோர் ஐயா அவற்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மருத, இது என்ன கிரேட்?"

"அது வலது கால், சேர்."

ஸ்டோர் ஐயா மற்றதைப் பார்த்தார். அவருடைய அம்மாவுக்கும் சீனி. போகும்போது கிரேப் ரப்பர் வெட்டிக் கழித்த துண்டுகளைக் காலால் மருதவீரன் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். சப்பாத்தின் அடித்தட்டுக்கென்றே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கிரேப். கன்னத்தில் வைத்துத் தூங்கலாம், அவ்வளவு மெத்து.

அடி கிடைத்தது, அச்சுக் கிடைத்தது. மேல்தோல்தான் வேண்டும். இழுபடாத தோல். இழுபடாத தோல் என்றால் முதுகுத் தோல்.

உத்தரத்திலிருந்து தோலை இறக்கி விரித்தார். முதுகுப் பக்கத்தில் சாமிக்குச் சரியாக ஒரு ஜோடி வரும். அதில் அம்சவள்ளிக்கு வெட்டினால், மிச்சத்தில் சாமிக்கு ஒற்றைச் செருப்புத்தான் தேறும். பதினோரு அடி ஆளை நொண்டியடிக்க விட முடியாது. புதுத்தோல் பதப்படுத்த நாற்பது நாளுக்கு மேல் வேண்டும். திருவிழாவுக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது.

"வேணாங்க" என்றாள் அம்சவள்ளி. அதுவரை அவள் குரலில் இருந்த கேலி எங்கோ போய்விட்டது. "சாமிக்குன்னு எடுத்தது. ரெண்டு வெரலுதானே, போனா போகட்டும். நான் ஒத்தக் கால ஊனியாச்சும் ஒங்களுக்கு ஆக்கிப் போடுவேன்."

"போனது திரும்பி வருமா?"

"சாமி கோவிச்சுக்குவாரு."

"முப்பது வருசம் தச்சுக் குடுத்திருக்கேன். ஒரு வருசம் கோவிச்சுக்கட்டும்."

கத்தியைத் தோலில் வைத்தார். கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. தோலில் வைத்தபிறகு அந்தக் கை எப்போதும் நடுங்கியதில்லை.

அந்தச் செருப்பு நாலு நாள் வேலை. கிரேப்பை மூன்று தட்டாக ஒட்டி, ரப்பர் பாதத்தில் எங்கே ஆழமோ அங்கே குடைந்தார். மேல்தோலை எண்ணெய் தடவித் தடவி விரல் மடிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தார். வளையம் இல்லை. முடிச்சு எதுவும் உள்பக்கம் வரவில்லை. வார் அகலம். வலதும் இடதும் ஒன்றுபோல இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆட்களுடையதுபோல இருந்தன. ஓரத்தில் சடைப்பின்னல் மட்டும் போட்டார். போடாவிட்டால் ஹீன்பொலச் செருப்பு என்று எப்படித் தெரியும்? இந்தத் தடவை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நடக்கவிட்டு, கழற்றி, பாதத்தைக் கையில் ஏந்தி, எங்கே சிவக்கிறது என்று விளக்கை வைத்துப் பார்த்தார். சிவந்த இடத்தில் மயிரிழை சீவினார். மறுபடி நடக்கவிட்டார்.

லயத்தில் ஒருவர் காலில் புதுச் செருப்பு ஏறினால் அது பத்து நிமிஷத்தில் மேல் டிவிஷன் வரைக்கும் போய்விடும். இது புகைவாடை வேறு அடித்தது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், கோயில் கமிட்டித் தலைவர் சின்னத்தம்பியும் பூசாரி பொன்னுத்துரையும் குடையோடு வந்தார்கள். சின்னத்தம்பி பழைய கங்காணி. பென்ஷன் வாங்கிப் பன்னிரண்டு வருஷமாகியும் கமக்கட்டில் கொப்பி வைத்துக்கொண்டுதான் நடப்பார்.

அம்சவள்ளி தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவள் நடந்து வந்ததையும் போனதையும் இருவரும் காலிலேயே கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

"மருத, சாமி செருப்பு எந்த மட்டுல இருக்கு?"

"இந்த வருசம் இல்லைங்க தலைவரே."

"இல்லைன்னா?"

"தோல வெட்டிட்டேன்."

சின்னத்தம்பி குவளையைக் கீழே வைத்தார். "ஒங்கப்பன் இப்படிச் செய்வானா?"

"எங்கம்மாவுக்குச் சீனி இல்லைங்க."

"கொழும்புல ரெக்சின்ல பெரிய செருப்பு செஞ்சு தாறாங்களாம், சொல்லிப் பாப்பமா?" என்றார் பூசாரி. பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "சரிவராது. நம்ம மலையில அதப் போட்டுக்கிட்டு வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது?"

"அது பொறகு" என்றார் சின்னத்தம்பி. "மொதல்ல இது. சாமிக்கு எடுத்த தோலு மனுசி காலுல கெடக்கக்கூடாது. கழட்டிக் குடு தங்கச்சி. பழைய ஜோடியோட சேத்து ஆத்துல விட்டுருவோம். தோசம் போயிடும்."

அம்சவள்ளி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

மருதவீரன் எழுந்து வாசலில் நின்றார். சண்டைக்கு நிற்பதுபோல இல்லை. மழை விட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது. "தோசம் போயிடும். காலு? பழைய செருப்ப எடுங்க தலைவரே. தேஞ்ச எடத்துக்கு ஒட்டுப் போட்டுத் தாறேன். இன்னொரு வருசம் போட்டுக்கட்டும்."

"சாமிக்கு ஒட்டுப் போட்ட செருப்பா?"

"நாம எல்லாரும் என்னத்தப் போட்டுக்கிட்டு நடக்குறோம்?"

பூசாரி தன் செருப்பைப் பார்த்தார். கம்பி வைத்துக் கட்டியிருந்தது. "பாக்குறதுல என்ன கொறைஞ்சிடப் போவுது" என்று எழுந்தார்.

பலாமரத்தடிக்குப் போவதற்குள் பின்னால் இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கொக்கத்தடியால் ஜோடியை இறக்கி, பூசாரி கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தோட்டத்துச் சரித்திரத்தில் முதல்தடவையாக முனியாண்டியின் செருப்பைத் திருப்பினார்.

அடித்தோல் தேயவேயில்லை. மருதவீரனுடைய கத்தித் தடம்கூடப் புதுசாக இருந்தது. குதிகால் ஆணி இருபத்தொன்றும் மொட்டு அழியாமல் இருந்தன. இடது செருப்பில் பாசி படர்ந்து, அதில் ஒரு சின்னப் பன்னச் செடி, நாலு இலையோடு, மிகவும் சௌகரியமாக வளர்ந்திருந்தது.

பேச முடியாத இடம் அது. தேயவில்லையென்றால் இதையே மாட்டலாம், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தேயவில்லையென்றால் சாமி நடக்கவில்லை. சாமி நடக்கவில்லையென்றால், என்றைக்கோ ஒரு ராத்திரி, கழுத்து முறிகிற பள்ளத்தில் விழ இருந்த தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினது யார் என்று சின்னத்தம்பி யோசிக்கவேண்டும். ஆணி தரையில் படுகிற சத்தத்தை மாசத்துக்கு இரண்டு தடவை கேட்டுவருகிற பூசாரியும் யோசிக்கவேண்டும். கூட்டத்தில் முனியாண்டியைப் பார்க்காத ஆள் ஒருவரும் இல்லை.

"பாசி?" என்றது ஒரு குரல்.

"ஈரத்துல நடந்தா பாசி புடிக்காதா?" என்றார் பூசாரி. ஆனால் குரலில் பலம் இல்லை.

அதற்குள் அம்சவள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு, சரிவில் மெல்ல ஏறி வந்துவிட்டாள். செருப்பை எட்டிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுல என்ன யோசன? அவரு வழக்கம்போல நடந்துக்கிட்டுத்தான் இருக்காரு. எங்கூட்டுக்காரர் தச்சது தேயல. அம்புட்டுத்தான்."

கூட்டம் முழுவதும் மூச்சு விட்டது. அது மரத்தில் இலை அசைகிற அளவுக்கு இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

"அதானே!" என்றார் பூசாரி. "முப்பது வருசமா நல்ல நல்ல செருப்பையெல்லாம் ஆத்துல விட்டிருக்கோமே. அத்தனையும் களனியில மெதந்து கொழும்புக்குல்ல போயிருக்கும்."

"அப்ப இந்தப் பொம்பள காலுல கெடக்கிறது?" சின்னத்தம்பி விடுகிற ஆளில்லை.

"வருசா வருசம் சாமி ஒரு ஜோடிய மிச்சம் புடிச்சு வச்சிருக்காரு தலைவரே. அதுல ஒண்ண இவளுக்குக் குடுத்தாருன்னு கொப்பியில எழுதிக்கிருங்க" என்றார் மருதவீரன்.

சின்னத்தம்பி எழுதவில்லை. கொப்பியை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

மருதவீரன் பன்னச் செடியை வேரோடு எடுத்து மரத்தடியில் ஊன்றினார். செருப்புக்கு எண்ணெய் போட்டு, ஆணிகளைப் புளி வைத்துத் தேய்த்துத் திரும்பக் கொடுத்தார். பார்த்தால் புதுசேதான்.

நாலாம் நாள் கரவனெல்லயில் டொக்டர் கட்டை அவிழ்த்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். குற்றி அகலம் இருந்தது பருப்பு அகலத்துக்கு வந்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி, பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

"வெரல எடுக்கிற பேச்ச இப்போதைக்கு எடுக்கமாட்டேன்" என்றார். "ஆனா ஆறிடிச்சுன்னு நெனச்சுடாதீங்க. ஒரு அடிகூட."

"தெரியும் மிஸ், ஒரு அடிகூட" என்றாள் அம்சவள்ளி.

ஆடிக் கடைசி வெள்ளி மழையோடுதான் விடிந்தது. கோயில் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ரப்பர் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தப்புச் சத்தம், சாம்பிராணிப் புகை, பொங்கல் பொங்கி அடுப்பை அணைக்கிற வாசம். அம்சவள்ளி கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கல்லுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு சின்னத்தம்பி.

"வெளிய நின்னே கும்புடு தங்கச்சி. சாமி கோவிச்சுக்கமாட்டாரு."

"உள்ள நிக்கிறவரு செருப்ப வெளியவா கழட்டி வச்சிருக்காரு?"

"அவரு சாமி."

"நான் அவருகிட்டத்தான் வாங்கிப் போட்டிருக்கேன்னு ஊரே சொல்லுது. வாங்கினவ போயி ஒரு கும்புடு போடாம வெளிய நின்னா நல்லாவா இருக்கும், கங்காணி மாமா?"

கங்காணி என்று அவரை யாரும் கூப்பிட்டு நாளாகியிருந்தது. அவர் மழையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்சவள்ளி வலது காலை எடுத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

பூசாரி, கிளையில் தொங்கின செருப்புக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பினவர் கண்ணில் இன்னொரு செருப்பு பட்டது. கை வேகத்தில், அதே சடைப்பின்னலைக் கண்டதும் குடத்தை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டார்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" அம்சவள்ளி போட்ட சத்தத்தில் தப்பு நின்றுபோனது. "உள்ளுக்கு நனைஞ்சா புண்ணு ஊறிடும். டொக்டர் ஏசுவாங்க!"

பூசாரி குடத்தை அப்படியே அந்தரத்தில் பிடித்தார். நாலு சொட்டு மட்டும் வாரில் விழுந்தது. அதை மருதவீரன் குனிந்து வேட்டி முனையால் ஒற்றி எடுத்தார்.

"சுத்திட்டுப் போங்க, மறைக்காம" என்று பூசாரி முனகினார்.

தப்பு மறுபடி தொடங்கியது. மூன்று சுற்று. முதல் சுற்றில் மருதவீரன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு அடி காலைப் பார்த்தபடி நடந்தார். இரண்டாம் சுற்றில் அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மூன்றாம் சுற்றில், வெறுங்காலோடு சேற்றில் வழுக்கி வந்தவர் நாலு ஆள் பின்தங்கிவிட்டார். மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, என்ன ஊர்ந்துக்கிட்டு வாறீங்க? காலுல என்ன?"